அறுவையின் வரலாறு – 17: உள்ளிருந்து ஒரு ஒட்டு

அடிவயிறும் தொடையும் சேரும் இடுக்கில் மனிதனின் வயிற்றுச் சுவர் முழுதாகக் கட்டி முடிக்கப்படவில்லை. ஆண் சிசுவின் விதைகள் வயிற்றுக்குள்ளேதான் உருவாகின்றன. கருக்காலத்தின் கடைசி மாதங்களில் அவை சுவரைச் சாய்வாக ஊடுருவி விதைப்பைக்கு இறங்குகின்றன. இறங்கிய வழியை உடல் முழுக்க மூடிவிட முடியாது. விதைக்குப் போகும் இரத்தக் குழாய்களும் விதையிலிருந்து வரும் விந்துக் குழாயும் ஒரே கொடியாகச் சேர்ந்து அந்த வழியாகத்தான் போய்வர வேண்டும். அதற்குச் சற்றுக் கீழே, காலுக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்களுக்கும் ஒரு வாசல் வேண்டும். இருமல், மலச்சிக்கல், பளு தூக்குதல் என்று எது வந்தாலும் வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் இந்த வாசல்களின் மேல்தான் போய் முட்டுகிறது. வாழ்நாளில் ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இங்கே குடலிறக்கம் ஏற்படுகிறது. பெண்களிடம் இது மிகக் குறைவு. ஆனால் தொடை வாசல் வழியாக இறங்கிச் சிக்கிக்கொள்ளும் அபாயமான வகை அவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

முதல் முறை இறங்கிய சிறிய குடலிறக்கம் ஒரு நல்ல அறுவை மருத்துவருக்குப் பெரிய சோதனை இல்லை. ஒரு முறை தைத்தபின் மீண்டும் இறங்கியது, இரண்டு மூன்று முறை தைத்தும் நிற்காதது, இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கியது, பல ஆண்டு கவனிக்காமல் விட்டதால் விதைப்பை முழங்காலைத் தொடுமளவு தொங்குவது, முதுமையில் சுவரே நைந்துபோனது ஆகியவைதான் கடினமானவை. அறுவைக் கலை இவற்றை எதிர்கொண்ட கதையில் இரண்டு திருப்பங்கள் உண்டு. தைப்பதற்குச் சதை போதாதபோது வேறு பொருளை வைக்கலாம் என்பது முதல் திருப்பம். அந்தப் பொருளை வெளிப்பக்கம் ஒட்டாமல் உள்பக்கம் வைக்கலாம் என்பது இரண்டாவது. முதலாவதுதான் பேர் வாங்கியது. கடினமான நோயாளிகளைக் கரையேற்றியது இரண்டாவது.

பாதுவா நகரத்து எடோர்டோ பஸ்ஸினி 1884-இல் தொடங்கிய அறுவையைச் சென்ற பகுதி விரிவாகச் சொன்னது. கவட்டுக் குழாயைத் திறந்து, அதன் ஆழத்துச் சுவரையும் வெட்டி, மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடித்துக் கீழே உள்ள நாணோடு தைத்து, குழாயின் பின்சுவரைப் புதிதாகக் கட்டினார் அவர். 1890-இல் ஜெர்மன் மொழியில் வெளியான கட்டுரையில் 262 அறுவைகளின் கணக்கைக் கொடுத்தார். மீண்டும் இறங்கியவை நூற்றுக்கு மூன்று அளவில்தான். அவருக்கு முன் தைத்தவர்களின் நோயாளிகளில் பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளில் மீண்டும் இறங்கிவிட்ட காலம் அது.

அவரைப் பின்பற்றியவர்கள் வழியில் சில படிகளைத் தவறவிட்டார்கள். ஆழத்துச் சுவரை வெட்டித் திறப்பது வேலை மிகுந்தது, இரத்தக் குழாய்கள் பக்கத்தில் இருப்பதால் பயமும் மிகுந்தது. அந்தப் படியை விட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரிந்த தசையை மட்டும் நாணோடு இழுத்துக் கட்டும் குறுக்குவழி, பஸ்ஸினியின் பெயரிலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. பஸ்ஸினி பெயரைச் சொல்லிச் செய்த அறுவைகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் மீண்டும் இறங்கியது என்ற குறை அவருடையதாக இல்லாமலே அவர் கணக்கில் எழுதப்பட்டது. கனடாவின் டொரான்டோவில் எட்வர்ட் ஷோல்டைஸ் 1945-இல் தொடங்கிய மருத்துவமனை விடுபட்ட படியை மீட்டது. அங்கே ஆழத்துச் சுவரைத் திறந்து, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, எஃகுக் கம்பியால் அடுக்கடுக்காகத் தைத்தார்கள். உடல் பருத்தவர்களை எடையைக் குறைத்துவிட்டு வரும்படி திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் காட்டிய வெற்றிக் கணக்கை மற்ற ஊர்களில் அதே தையலைப் போட்டவர்கள் எட்டிப்பிடிக்க முடியவில்லை. நாள் முழுக்க அதே ஒரு அறுவையைச் செய்யும் கைகளும், எப்போதாவது செய்யும் கைகளும் வெவ்வேறு.

எவ்வளவு தேர்ந்த கையானாலும் தையலுக்கு ஒரு எல்லை உண்டு. தசை வளைவுக்கும் கீழ் நாணுக்கும் நடுவே இயற்கையாக ஓர் இடைவெளி இருக்கிறது. தையல் அந்த இரண்டையும் இழுத்துச் சேர்க்கிறது. நோயாளி இருமும் ஒவ்வொரு முறையும் அவை பிரியப் பார்க்கின்றன. நைந்த வேட்டியை இழுத்துப் பிடித்துத் தைத்தால் நூல் நிற்கும், துணி தையலோரமாகக் கிழியும். இங்கே நடப்பதும் அதுதான். மீண்டும் அறுவைக்கு வந்தவர்களைத் திறந்து பார்த்தபோது பழைய நூல் அறுபடாமல் கிடக்க, அதைச் சுற்றியிருந்த சதைதான் விட்டுப்போயிருந்தது. தையலை நெருக்கமாகப் போட்டால் சதைக்கு இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் கெட்டது.

இரண்டாம் முறை அதே கீறல் வழியாகப் போவது முதல் முறையைவிடப் பல மடங்கு கடினம். அடுக்குகள் எல்லாம் ஒரே தழும்பாக ஒட்டிக் கிடக்கும். விந்துக்கொடி எங்கே முடிகிறது, தழும்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாது. பிரிக்கும்போது விதைக்குப் போகும் இரத்தக் குழாய் அறுந்தால் விதை சுருங்கிவிடும். நரம்பு சிக்கினால் ஆண்டுக்கணக்கில் வலிக்கும். இத்தனைக்கும் பிறகு தைக்கக் கிடைப்பது முதல் முறை கிழிந்த அதே சதை, அதுவும் இப்போது இன்னும் குறைவாக. ஒவ்வொரு தோல்வியும் அடுத்த தோல்விக்கு வழி செய்தது. வயதான நோயாளிகளிடம் இந்த வட்டத்தை முறிக்க ஒரு பக்க விதையையே எடுத்துவிட்டு வழியை முழுக்க அடைத்துத் தைப்பதும் நடந்தது.

சதையே பிழையாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை ஆய்வாக்கியவர் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் பணியாற்றிய ரேமண்ட் ரீட். 1970 வாக்கில் அவர், குடலிறக்கம் உள்ளவர்களின் வயிற்றுத் தசையுறை இறங்கிய இடத்தில் மட்டுமல்லாமல் தள்ளியிருக்கும் பகுதியிலும் மெலிந்திருப்பதைக் கவனித்தார். அவருடைய நோயாளிகள் முன்னாள் படைவீரர்கள். அவர்களில் புகைப்பவர்கள் ஏராளம். நுரையீரல் திசுவைக் கரைக்கும் அதே சிதைவு வயிற்றுச் சுவரையும் கரைக்கிறது என்று அவர் வாதிட்டார். திசுவுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தில் முதிர்ந்த தடித்த வகை குறைந்து மெல்லிய வகை கூடியிருப்பது, மீண்டும் மீண்டும் இறங்குபவர்களிடம் பின்னர் ஜெர்மனியின் ஆகன் நகரத்து ஆய்வுகளில் உறுதிப்பட்டது. அப்படிப்பட்டவரின் சதையைக் கொண்டே அவருக்கு ஒட்டுப் போடுவது, இற்ற துணிக்கு இற்ற துணியால் ஒட்டுப் போடுவதற்குச் சமம்.

வேறு பொருளைத் தேடும் வேலை இந்த ஆய்வுகளுக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. தசைநாணின் உறுதியுள்ள திசுவைச் செயற்கையாக உண்டாக்க முடிந்தால் குடலிறக்கத்தை நிரந்தரமாகக் குணப்படுத்தும் ரகசியம் கிடைத்துவிடும் என்ற எண்ணம் வியன்னாவின் தியோடோர் பில்ரோத்தின் பெயரால் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே வழங்கி வருகிறது. முதலில் கையில் கிடைத்தது வெள்ளி. 1900-இல் ஜெர்மனியில் விட்ஸல், கோப்பல் என்ற இருவரும் வெள்ளிக் கம்பியாலான வலையைப் பதித்தார்கள். சில ஆண்டுகளில் லண்டனின் மெக்கவின் அதைப் பெரிய அளவில் பயன்படுத்தினார். வெள்ளி விறைத்தது, மடிந்த இடத்தில் ஒடிந்தது, ஒடிந்த நுனி குத்திப் புண்ணாக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டான்டலம் என்ற உலோக வலை வந்தது. உடல் அதை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் நடக்கும்போதும் குனியும்போதும் ஓயாமல் வளைந்து வளைந்து அதுவும் துண்டு துண்டாக நொறுங்கியது. எஃகு வலையும் வந்தது. மனித அடிவயிறு ஓயாமல் மடங்கி விரியும் இடம், அங்கே உலோகம் நெடுநாள் தாங்காது என்று புரிவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

நெகிழித் தொழில்தான் வழி திறந்தது. 1951-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் பால் ஹோகனும் ராபர்ட் பேங்க்ஸும் உறுதியான புதுவகைப் பாலிஎத்திலீனைக் கண்டறிந்தார்கள். அதே வேலையில் பாலிபுரொப்பிலீனும் அகப்பட்டது. பாலிஎத்திலீன் மார்லெக்ஸ் என்ற பெயரில் சந்தைக்கு வந்தபோது வாங்க ஆளில்லாமல் கிடங்கில் தேங்கியது. 1958-இல் அமெரிக்கக் குழந்தைகள் இடுப்பில் சுழற்றி ஆடிய ஹூலா ஹூப் வளையங்கள்தான் அந்தத் தேக்கத்தைக் கரைத்தன. இடுப்புக்கு வெளியே சுழன்ற அதே பொருளை இடுப்புக்கு உள்ளே வைக்கும் யோசனை டெக்ஸாஸின் ஹூஸ்டனில் பணியாற்றிய பிரான்சிஸ் அஷருக்கு வந்தது. நாய்களிடம் சோதித்தார். வலையின் கண்களுக்குள் புதுத் திசு புகுந்து வளர்ந்து வலையையே தனக்குள் இழுத்துக்கொண்டது. சீழ் பிடித்த புண்ணில் வைத்தபோதும் பெரும்பாலும் வலையை எடுக்க வேண்டி வரவில்லை. 1959-இல் அவருடைய கட்டுரைகள் வெளியாகின.

அவருக்கு நேர்ந்த ஒரு சின்னத் தொல்லை சொல்லத்தக்கது. அறுவைக் கருவிகளைக் கிருமியறச் செய்யும் நீராவிக் கலனின் வெப்பம் 121 பாகை செல்சியஸ். பாலிஎத்திலீன் உருகத் தொடங்குவது 130 பாகைக்குப் பக்கத்தில். கலனின் வெப்பம் சற்றே மிகுந்தால் வலை சுருண்டு போகும். பாலிபுரொப்பிலீன் 160 பாகையைத் தாண்டினால்தான் உருகும். அஷர் அதற்கு மாறினார்; 1963-இல் பாலிபுரொப்பிலீன் நூலைப் பின்னிச் செய்த வலையைப் பற்றி எழுதினார். உலகம் முழுக்க இன்று வைக்கப்படும் வலைகளில் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்கள். ஓட்டையை இழுத்து மூடிவிட்டு அதன்மேல் வலை வைப்பதைவிட, இழுக்காமல் இடைவெளியின் மேல் பாலம் போல வலையை வைத்தால் மீண்டும் இறங்குவதற்கான காரணமே போய்விடும் என்று 1960-லேயே அவர் எழுதிவிட்டார். அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தைக்கத் தெரியாதவன் நாடும் வழி என்றே தேர்ந்த அறுவை மருத்துவர்கள் வலையை நினைத்தார்கள்.

அதே ஆண்டுகளில் பிரான்சில் வேறொரு தடத்தில் யோசனை ஓடியது. ஆன்ரி ஃப்ரூஷோ, விடுதலைப் பிரான்ஸ் படையில் போர்க்களங்களில் அறுவை செய்தவர். 1956-இல் தொடையிடுக்கின் உடற்கூற்றைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அதுவரை நேராக இறங்குவது, சாய்வாக இறங்குவது, தொடைக்குள் இறங்குவது என்று மூன்று நோய்களாகப் படித்து, மூன்றுக்கும் தனித்தனி அறுவை செய்துவந்தார்கள். ஃப்ரூஷோ நோயாளியை வெளியிலிருந்து பார்ப்பதை விட்டு உள்ளிருந்து பார்த்தார். மேலே தசை வளைவு, கீழே இடுப்பெலும்பின் விளிம்பு, உள்பக்கம் நடுவயிற்றுத் தசை, வெளிப்பக்கம் இடுப்பின் பெருந்தசை ஆகியவற்றுக்கு நடுவே, தசையே இல்லாமல் மெல்லிய உறை மட்டும் மூடிய ஒரே பெரிய சன்னல் தெரிந்தது. கவட்டு நாண் அந்தச் சன்னலுக்குக் குறுக்கே ஓடும் ஒரு சட்டம் மட்டுமே. மூன்று வகைக் குடலிறக்கமும் அதே சன்னலின் வெவ்வேறு மூலைகள் வழியாக வருபவை. ஒரு மூலையை அடைத்தால் அடுத்த மூலை திறக்கும். மீண்டும் இறங்குவதன் புதிரில் பாதி அதோடு அவிழ்ந்தது.

அந்தச் சன்னல் முழுவதையும் உள்ளிருந்து மூடும் வேலையை ரேம்ஸ் நகரத்தின் ழான் ரீவும் அமியென் நகரத்தின் ரெனே ஸ்டோப்பாவும் 1960-களின் நடுப்பகுதியிலிருந்து செய்தார்கள். ரீவ் ஒரு பக்கத்துக்கு மட்டும் வலை வைத்தார். ஸ்டோப்பா இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே பெரிய வலையாக வைத்தார். அது டெக்ரான் என்ற பாலியெஸ்டர், சேலைத்துணிக்கும் உதவும் அதே வகை நூல். மென்மையாக இருப்பதால் வயிற்றின் வளைவுகளோடு படிந்துபோகும்.

தொப்புளுக்குக் கீழே நடுக்கோட்டில் கீறல் விழுகிறது. பழைய அறுவைகளின் தழும்பு இரண்டு பக்கமும் கவட்டில் இருக்க, மருத்துவரின் கத்தி அந்தத் தழும்பைத் தொடாமலே உள்ளே போகிறது. இந்த ஒன்றுக்காகவே ஸ்டோப்பாவின் முறையைப் பாராட்டலாம். தசையைக் கடந்ததும் குடலை மூடியிருக்கும் மெல்லிய வயிற்றுறை தெரியும். அதைக் கிழிப்பதில்லை. கையை உறைக்கும் சுவருக்கும் நடுவே நுழைத்து, சுவரிலிருந்து உறையை மெல்ல உரித்துப் பிரிக்கிறார். சிறுநீர்ப்பைக்கு முன்னால் உள்ள இடத்துக்கு ஸ்வீடன் உடற்கூற்றறிஞர் ரெட்சியஸின் பெயர். அதிலிருந்து பக்கவாட்டில் போனால் வரும் இடத்துக்குப் போக்ரோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர். போக்ரோ 1823-இல் அந்த இடத்தை விவரித்தது, வயிற்றுறையைத் திறக்காமல் இடுப்புத் தமனியைக் கட்டுவதற்கு வழி தேடியபோது. குடலிறக்கத்துக்கு அது பயன்படும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. சன்னலில் நுழைந்து வெளியே போயிருக்கும் உறைப்பையை உள்ளிழுத்துக்கொள்கிறார். பை மிகப் பெரிதாகி விதைப்பைவரை ஒட்டிக் கிடந்தால் கழுத்தில் வெட்டி அடிப்பகுதியை அப்படியே விட்டுவிடுகிறார். அடுத்து விந்துக்கொடியின் இழைகளை உறையிலிருந்து பிரித்துச் சுவர்ப்பக்கம் படுக்கவைக்கிறார். இது செய்யாவிட்டால் கொடி போவதற்கு வலையில் வெட்டு விட வேண்டியிருக்கும். வெட்டு விட்ட வலை, இறங்க இன்னொரு வாசல்.

வலையின் அளவை எடுப்பது நோயாளியின் வயிற்றின்மேலேயே. இடுப்பின் முன்முனை எலும்பு இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தில் 2 சென்டிமீட்டர் குறைத்தால் அகலம். தொப்புளிலிருந்து கீழ் எலும்புவரை உள்ள தூரம் உயரம். சராசரி ஆளுக்கு 24 சென்டிமீட்டருக்கு 16 சென்டிமீட்டர் வரும். அதுவரை வைக்கப்பட்ட வலைகள் உள்ளங்கை அளவுதான். இந்தப் பெரிய துணியின் ஓரங்களை நீண்ட இடுக்கிகளால் பிடித்து, உறைக்கு அடியில் இரண்டு பக்கமும் தள்ளி விரித்து, மடிப்பு விழாமல் இடுக்கிகளை ஒவ்வொன்றாக உருவுகிறார்கள். சுவரோடு வலையைத் தைப்பதில்லை. மேலே நடுவில் ஒரே ஒரு தையல் போட்டால் உண்டு. ஓட்டையையும் மூடுவதில்லை. தையல்காரர்களின் பரம்பரையில் வந்த மருத்துவர்களுக்கு முதலில் இதை நம்பவே கடினமாக இருந்தது.

சைக்கிள் கடையில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டயர் கிழிந்து ட்யூப் பிதுங்கினால், வெளியிலிருந்து ஒட்டுப் போட்டு யாரும் நேரத்தை வீணாக்குவதில்லை. பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி, ட்யூபுக்கும் டயருக்கும் நடுவே வைத்துக் காற்றடிப்பார்கள். ட்யூபை வெளியே தள்ளிய அதே காற்றுதான் இப்போது துண்டைக் கிழிசலின்மேல் அழுத்திப் பிடிக்கிறது. கிழிசலைவிடத் துண்டு நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஸ்டோப்பா இதற்குப் பாஸ்கலின் விதியைக் காட்டினார்: மூடிய திரவத்தில் அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் பரவும். முந்தைய அறுவைகளைக் கிழித்த இருமல் இந்த அறுவையில் வலையை இடத்தில் நிறுத்தியது. சில வாரங்களில் திசு வளர்ந்து வலையைச் சுவரோடு இணைத்துவிடும்.

பலமுறை தோற்று வந்தவர்களையே தேர்ந்தெடுத்துச் செய்தபோதும் ஸ்டோப்பாவின் நோயாளிகளில் நூற்றுக்கு ஓரிருவருக்கே மீண்டும் இறங்கியது. அப்படி இறங்கியதும் பெரும்பாலும் ஆரம்ப மாதங்களில், வலை சிறிதாகப் போனதாலோ ஓரம் மடங்கியதாலோ. வேலை பிரெஞ்சு மொழியிலேயே வெளிவந்ததால் பிற நாடுகள் கவனிக்கத் தாமதமாயிற்று. 1984-இல் அமெரிக்க இதழில் ஆங்கிலக் கட்டுரை வந்தபிறகுதான் பரவலாகப் படித்தார்கள். நியூயார்க்கின் ஜார்ஜ் வான்ட்ஸ் அதை ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏற்றவாறு மாற்றி அங்கே பரப்பினார்.

முன்பக்க வழியை விட்டுக்கொடுக்காதவர்களும் இருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸின் இர்விங் லிக்டன்ஸ்டைன், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு அறுவை செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பும் பழக்கத்தைப் பரப்பியவர். மீண்டும் இறங்கியவர்களுக்கு அவர் 1974-இல் எளிய ஒரு வழியை எழுதினார். தழும்பையெல்லாம் பிரிக்காமல் ஓட்டையை மட்டும் கண்டுபிடித்து, மார்லெக்ஸ் வலையைச் சுருட்டுப் போலச் சுருட்டி அதில் செருகிச் சில தையல் போடுவது. பாட்டில் கழுத்தில் தக்கை வைப்பது போலத்தான். 1990-இல் அவருடைய குழு 20 ஆண்டுகளில் செய்த 1,402 மறு இறக்க அறுவைகளைக் கணக்கிட்டு, 1.6 சதவீதம் மட்டுமே தோற்றதாகச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டில், புதிதாக இறங்கியவர்களுக்குத் தட்டையான வலையை இழுக்காமல் விரித்துத் தைக்கும் முறையில் 1,000 பேருக்குச் செய்து ஒருவருக்கும் மீண்டும் இறங்கவில்லை என்று வெளியிட்டது. அந்தக் கட்டுரை உலகத்தின் வழக்கத்தையே மாற்றியது. பிந்திய தோல்விகள் சில தெரியவந்தபோது அவை இடுப்பெலும்பின் முனையருகே, வலை எட்டாமல் நின்ற இடத்தில் இருந்தன. அதன்பின் எலும்பையும் தாண்டி வலையை விரிக்கத் தொடங்கினார்கள். தக்கை முறை பின்னர் செல்வாக்கிழந்தது. சுருட்டி வைத்த வலை உள்ளே சுருங்கி இறுகிக் கட்டியாகி, நகர்ந்து, பக்கத்து உறுப்பை உறுத்திய சம்பவங்கள் சேர்ந்துகொண்டே போயின.

1990-களின் தொடக்கத்தில் துளை வழி அறுவை வந்தபோது ஸ்டோப்பாவின் யோசனைக்குப் புதிய வாழ்வு கிடைத்தது. அவர் கையை நுழைத்த அதே இடத்துக்கு இப்போது சில சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் போயின. பக்கத்துக்கு 10 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் வலை வைத்தார்கள். வயிற்றுக்குள் நுழைந்து உறையைத் திறந்து வலை வைத்து மூடுவது ஒரு முறை; உறைக்கு வெளியிலேயே இடம் உண்டாக்கி வேலை செய்வது மற்றொன்று. பின்பக்கத்திலிருந்து பார்க்கும் பார்வை பழகாத மருத்துவர்கள், வலையை நிறுத்தும் உலோகப் பொத்தான்களை நரம்பிலும் பெரிய இரத்தக் குழாயிலும் அடித்துவிட்ட விபத்துகள் ஆரம்பத்தில் நடந்தன. எங்கே அடிக்கக் கூடாது என்று காட்டும் முக்கோணங்களுக்கு வலியின் முக்கோணம், அழிவின் முக்கோணம் என்று பெயரிட்டு மாணவர்களை மனப்பாடம் செய்யவைத்தார்கள்.

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 2,164 ஆண்களைச் சேர்த்துச் செய்த பெரிய ஒப்பீடு 2004-இல் வெளியானது. முதல் முறை இறங்கியவர்களில், திறந்து வலை வைத்தவர்களுக்கு இரண்டு ஆண்டில் மீண்டும் இறங்கியது 4 சதவீதம். துளை வழியில் 10.1 சதவீதம். துளை வழி தோற்றது என்று செய்தி பரவியது. அதே கட்டுரைக்குள் ஏற்கெனவே ஒரு முறை தோற்றவர்களின் கணக்கு தனியாக இருந்தது: திறந்த வழியில் 14.1 சதவீதம், துளை வழியில் 10 சதவீதம். அந்த வேறுபாட்டைப் புள்ளியியல் அளவில் உறுதி என்று சொல்ல முடியாது. ஆனால் தழும்பின் வழியே போவதற்கான விலையை அது கோடிகாட்டுகிறது. 250-க்கு மேல் துளை வழி அறுவை செய்திருந்தவர்களின் கையில் தோல்வி பாதியாகக் குறைந்திருந்ததும் அதே ஆய்வில் தெரிந்தது.

வலை வைப்பது இயல்பான பிறகு அதன் தொல்லைகளும் இயல்பாயின. கண் மிகச் சிறிய வலைகளில் சிக்கல் வெளிப்படையானது. கிருமியின் அளவு ஏறத்தாழ 1 மைக்ரான். அதை விழுங்க வரும் வெள்ளணுக்கள் 10 மைக்ரானுக்கு மேல். 10 மைக்ரானுக்குக் குறைந்த கண்ணுக்குள் கிருமி நுழைந்து ஒளிந்துகொள்ளும், காவலர் நுழைய முடியாது. அத்தகைய வலையில் சீழ் பிடித்தால் பெரும்பாலும் எடுத்தே ஆக வேண்டும். லிக்டன்ஸ்டைனின் சகா பர்விஸ் அமித் 1997-இல் வலைகளைக் கண்ணின் அளவை வைத்து வகைப்படுத்தி, 75 மைக்ரானுக்கு மேல் இருக்க வேண்டும் என்றார். ஆகனில் ஃபோல்கர் ஷும்பெலிக்கும் உவே கிளிங்கேயும் அதற்கும் மேலே போனார்கள். பழைய வலைகள் மனித வயிறு கேட்கும் பலத்தைப்போலப் பல மடங்கு பலமுள்ளவை என்றும், தேவைக்கு மிஞ்சிய நெகிழி தேவைக்கு மிஞ்சிய தழும்பையே வளர்த்து வயிற்றை விறைக்கச் செய்கிறது என்றும் காட்டி, கண் பெரிதான எடை குறைந்த வலைகளைக் கொண்டுவந்தார்கள்.

வலி அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் வலி தொடர்வது பத்தில் ஒருவர் அளவில் இருக்கிறது. அன்றாட வேலையையே முடக்கும் அளவு வலிப்பவர்கள் அதில் சிறு பகுதி. காரணம் எப்போதும் வலை அல்ல. தையலில் சிக்கிய நரம்பாகவும் இருக்கலாம். தோல்வி குறைந்த பிறகுதான் இந்த வலி அறுவையின் முதன்மையான குறையாகக் கண்ணில் பட்டது. வலையே வேண்டாம் என்று புனேயின் மோகன் தேசார்டா போன்றவர்கள் 2001 முதல் நோயாளியின் தசையுறையிலிருந்தே ஒரு பட்டையை எடுத்துச் சுவராக வைக்கும் முறையைச் செய்துகாட்டுகிறார்கள். சுவர் நல்ல நிலையில் உள்ள இளைஞருக்கு அது பொருந்தலாம். பலமுறை கிழிந்த சுவருக்கு அதில் எடுக்கப் பட்டையே இருக்காது.

மீண்டும் இறங்கியவருக்கு எந்த வழி என்பதில் நெடுநாள் நடந்த வாதம் 2018-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டியில் எளிய விதியாக முடிந்தது. முதல் அறுவை முன்வழியில் நடந்திருந்தால் அடுத்தது பின்வழி. முதலாவது பின்வழியானால் அடுத்தது முன்வழி. தொடாத இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள். இரண்டு வழியும் தோற்றவரை இதையே தொழிலாகச் செய்யும் மருத்துவரிடம் அனுப்பச் சொல்கிறது வழிகாட்டி. பின்பக்கம் பெரிய வலை வைத்தவருக்குப் பிற்காலத்தில் புரோஸ்டேட் சுரப்பி அறுவை தேவைப்பட்டால், ரெட்சியஸ் இடம் ஒட்டிப்போயிருக்கும் என்பதையும் முன்கூட்டியே எண்ண வேண்டியிருக்கிறது.

விதைப்பையில் குடலின் பெரும்பகுதி பல ஆண்டு குடியிருந்துவிட்டால் வேறொரு தொல்லை. வயிறு சுருங்கிவிடும், திடீரெனக் குடலைத் திரும்பத் தள்ளினால் மூச்சுவிட இடமிருக்காது. அர்ஜென்டினாவின் இவான் கோன்யி மொரேனோ 1940-களில் இதற்கு வழி கண்டார். அறுவைக்குமுன் சில வாரங்கள் நோயாளியின் வயிற்றுக்குள் சிறிது சிறிதாகக் காற்றைச் செலுத்தி, வயிற்றை மெல்ல விரித்துப் பழக்கிவிட்டு, அதன்பின் குடலை உள்ளே அனுப்பினார். ஸ்டோப்பாவின் பெரிய வலைக்கு இது நல்ல துணையாயிற்று.

இத்தகைய முற்றிய குடலிறக்கங்கள் அறுவைக்குப் பணமும் மருத்துவமனையும் எட்டாத ஊர்களில்தான் மிகுதி. அங்கே வலையின் விலையே தடையாக நின்றது. மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சா என்ற சிற்றூரில் அறுவை செய்துவந்த மருத்துவர் தோங்கோங்கர், கடையில் கிடைக்கும் கொசுவலைத் துணியை வெட்டித் துவைத்துக் கிருமியறச் செய்து பயன்படுத்தினார். 2003-இல் இந்திய அறுவை இதழில் வெளியான கட்டுரையில் பல மருத்துவமனைகளைச் சேர்த்து 359 குடலிறக்கங்களின் கணக்கு இருந்தது. உகாண்டாவில் 302 ஆண்களைக் கொண்டு நடந்த ஒப்பீடு 2016-இல் வெளியானது. ஓராண்டு முடிவில் கொசுவலை வைத்தவர்களில் ஒருவருக்கு மீண்டும் இறங்கியிருந்தது, மருத்துவ வலை வைத்தவர்களில் யாருக்கும் இல்லை. அப்போது கொசுவலையின் விலை சுமார் 1 டாலர், மற்றதன் விலை 125 டாலர். அந்த ஆய்வில் இருந்தவர்கள் முதல் முறை இறங்கியவர்கள். கடினமான வகைக்கு அந்தக் கணக்கை அப்படியே நீட்ட முடியாது. கொசுவலையில் பாலிஎத்திலீன் கலந்திருப்பதால் நீராவிக் கலனை 121 பாகையில் நிறுத்த வேண்டும். வேகமாக முடிக்க 134 பாகைக்கு ஏற்றினால் வலை சுருண்டுவிடும்.